வீட்டுக்கு ஒரு அரபி, பள்ளிக்கு ஒரு அரபி: இதில் எது தாய்மொழி?

2011 ஜனவரி 13 இரவு. துனிசிய அதிபர் ஜைனுல் ஆபிதீன் பென் அலி தொலைக்காட்சியில் தோன்றினார். சீதி பூஸித் என்ற ஊரில் தள்ளுவண்டி வியாபாரி முஹம்மது புவாசிசி தீக்குளித்ததில் தொடங்கிய போராட்டம், நான்கு வாரத்தில் நாடு முழுக்கப் பரவியிருந்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்திருந்தார்கள். இதே நெருக்கடியில் அவர் முன்பும் மக்களிடம் பேசியிருந்தார், ஏட்டு அரபியில். இந்த முறை, தன் 23 ஆண்டு ஆட்சியில் செய்யாத ஒன்றைச் செய்தார். தெருவில் பேசும் துனிசிய அரபியில் பேசினார். இது எல்லா துனிசியர்களின் மொழி என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்த உரையில் மக்கள் மனதில் தங்கிய சொல் ‘ஃப்ஹிம்த்கும்’. உங்களைப் புரிந்துகொண்டேன் என்று பொருள். மறுநாள் விமானம் ஏறி சவூதி அரேபியாவுக்குப் போய்விட்டார்.

பேச்சுமொழிக்கு மாறியதால் அவர் பதவி போகவில்லை. அது முன்பே போய்விட்டது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வீட்டில், சமையலறையில், பிள்ளைகளிடம் தான் பேசும் மொழியில் நாட்டு மக்களிடமும் பேச, ஒரு ஆட்சியாளருக்கு நாற்காலி ஆட வேண்டியிருந்தது. அப்படியானால் அந்த மொழிக்கு அந்த ஊரில் என்ன மரியாதை?

அரபி பேசுவோர் பலரிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது. அவர்களில் பலர் மூன்று, நான்கு மொழி தெரிந்தவர்கள். பிரெஞ்சில் தவறு செய்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். ஏட்டு அரபியில் தவறு செய்தால் கூச்சப்படுவார்கள். தாய் சொல்லிக்கொடுத்த அரபியைப் பற்றிக் கேட்டால், ‘அதெல்லாம் ஒரு மொழியா?’ என்பார்கள்.

ஐந்து ஊர், ஐந்து ‘எப்படி இருக்கீங்க?’

எழுதும் அரபிக்குப் பெயர் ஃபுஸ்ஹா. குர்ஆனின் மொழியிலிருந்து வந்தது. செய்தித்தாள், பாடநூல், நீதிமன்றம், வெள்ளிக்கிழமை பிரசங்கம் எல்லாம் இதில்தான். பேசும் அரபிக்குப் பெயர் ஆம்மிய்யா. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா பக்கம் தாரிஜா என்பார்கள். பெயர்களையே கவனியுங்கள். ஃபுஸ்ஹா என்றால் மிகத் தெளிவானது, மிகச் செம்மையானது. ஆம்மிய்யா என்றால் பொதுஜனத்துடையது. பெயர் வைக்கும்போதே மதிப்பெண்ணும் போட்டுவிட்டார்கள்.

இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? நலம் விசாரிக்க ஃபுஸ்ஹாவில் ‘கைஃப ஹாலுக’. கெய்ரோவில் ‘இஸ்ஸையக்’. பெய்ரூட்டில் ‘கீஃபக்’. குவைத்தில் ‘ஷ்லோனக்’, எழுத்தெழுத்தாகப் பார்த்தால் ‘உன் நிறம் என்ன’ என்று வரும்! மொராக்கோவில் ‘லாபாஸ்’. ‘இப்போது’ என்ற ஒரு சாதாரணச் சொல்லுக்கு ஏட்டில் ‘அல்ஆன’, எகிப்தில் ‘தில்வஃதி’, சிரியாவில் ‘ஹல்ல’, வளைகுடாவில் ‘அல்ஹீன்’, மொராக்கோவில் ‘தாபா’. நம்மூரில் ஆலிம் படிப்பு முடித்து, அரபு இலக்கணம் கரைத்துக் குடித்த ஒருவர் துபாயில் டாக்ஸி ஏறினால் முதல் நாள் திணறுவது இதனால்தான். அவருக்கு அரபி தெரியாமல் இல்லை. அவர் படித்த அரபியை யாரும் டாக்ஸியில் பேசுவதில்லை.

இந்த நிலைக்கு ‘டைகுளோசியா’, அதாவது இரட்டை வழக்கு என்ற பெயரை ஆங்கில மொழியியலில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன். 1959-ல் எழுதிய கட்டுரையில் அரபி, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் என நான்கை எடுத்து விளக்கினார். அதே கட்டுரையின் பிற்பகுதியில் தமிழும் வருகிறது; இந்த வரையறைக்கு அது அப்படியே பொருந்துகிறது என்கிறார். ஆக, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துட்டு இருக்கேன்’ என்று பேசும் நமக்கு அரபியர்களின் சங்கடம் ஓரளவு சுலபமாகவே புரியும். ஆனால் நம் இடைவெளியை வைத்து அவர்களுடையதை அளந்துவிடக் கூடாது. அங்கே ஏட்டு மொழி வேதத்தின் மொழி. அதோடு, அரபு லீகின் 22 நாடுகளையும் சேர்த்துக் கட்டும் கயிறும் அதுதான். பேச்சு வழக்குகளோ, ஒரு மொராக்கோக்காரரும் ஓர் இராக்கியரும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசிக்கொண்டால் பாதி விட்டுப்போகும் அளவுக்கு விலகியவை.

‘எங்க பேச்சுக்கு இலக்கணமே இல்லீங்க’

பேச்சு அரபியைப் பற்றி அரபியர்களே அடிக்கடி சொல்வது, அதற்கு இலக்கணம் கிடையாது என்பது. நன்றாகப் படித்தவர்களும் சொல்வார்கள். இது உண்மையில்லை.

எகிப்தியப் பேச்சில் ‘அவன் எழுதினான்’ என்பதற்கு ‘கதப்’. ‘எழுதவில்லை’ என்றால் முன்னால் ஒரு ‘மா’, பின்னால் ஒரு ‘ஷ்’: ‘மா-கதப்-ஷ்’. கெய்ரோவில் மூன்று வயதுக் குழந்தைகூட இதைச் சரியாகச் சொல்லும். யாராவது வெளியூர்க்காரர் அந்த ‘ஷ்’-ஐ விட்டால் உடனே சிரிக்கும். தப்பு என்று ஒன்று இருந்தால் விதி என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? பள்ளியில் சொல்லிக்கொடுக்காத இலக்கணத்தை இலக்கணம் என்று எண்ணாததுதான் விஷயம்.

இதை இன்றைய மொழியியலாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்றும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டில், அதே துனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன் தன் ‘முகத்திமா’வில் இதைப் பேசியிருக்கிறார். தன் காலத்து அரபியர்கள் சொல்லின் கடைசி உயிரொலியை விட்டுவிட்டார்கள் என்பதற்காக அவர்கள் மொழி கெட்டுவிட்டதாகப் புலம்பிய இலக்கணப் புலவர்களைக் கண்டித்தார். அது தன் சொந்தக் காலில் நிற்கும் மொழி, அதற்கும் சொல்நயம் உண்டு என்றார். அறுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. புலவர்கள்தான் ஜெயித்தார்கள்.

எகிப்தின் நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஸ் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். கெய்ரோவின் சந்துகளையும் டீக்கடைகளையும் அவரைப்போல எழுதியவர் இல்லை. ஆனால் அந்தச் சந்தில் நிற்கும் அவருடைய பாத்திரங்கள் பேசுவது ஏட்டு அரபி! அவர் சமகாலத்தவரான யூசுஃப் இத்ரீஸ் தன் கதைகளின் உரையாடல்களில் பேச்சு வழக்கைக் கொண்டுவந்தார். அதற்காகக் கண்டனமும் வாங்கினார்.

ஆறு வயதில் வரும் ‘இரண்டாம் மொழி’

இதுவரை சொன்னது பெரியவர்களின் கூச்சம். விலை கொடுப்பது குழந்தைகள்.

அரபிக் குழந்தை முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கிறது. எழுத்து புதிது, அது எல்லாக் குழந்தைக்கும்தான். ஆனால் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தால் வரும் சொல்லும் பல சமயம் அதற்குப் புதிது. மொழியியலாளர்கள் எலினோர் சயீக்-ஹத்தாதும் பெர்னார்ட் ஸ்போல்ஸ்கியும் ஐந்து வயதுக் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய சொற்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் ஃபுஸ்ஹாவிலும் அப்படியே இருந்தது. மீதியில் ஒரு பகுதி ஒலி மாறிய உறவுச் சொற்கள். இன்னொரு பகுதி முற்றிலும் வேறு.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அரபியில் வழக்கமாகக் குறில் உயிரொலிகளை எழுத மாட்டார்கள். க-த-ப என்ற மூன்று மெய்யெழுத்து மட்டும் தாளில் இருக்கும். அது ‘எழுதினான்’ என்ற கதபவா, ‘எழுதப்பட்டது’ என்ற குதிபவா, ‘புத்தகங்கள்’ என்ற குதுபா? வாக்கியத்தின் பொருள் தெரிந்தால்தான் சரியாக வாசிக்க முடியும். வாசிக்கத் தெரிந்தால் பொருள் புரியும் என்பது நம் அனுபவம். அங்கே பொருள் புரிந்தால்தான் வாசிக்கவே முடியும். சின்ன வகுப்புப் புத்தகங்களில் உயிர்க்குறிகள் போட்டிருப்பார்கள், வகுப்பு ஏற ஏற அவை காணாமல் போகும்.

2005-ல் ரஃபீக் இப்ராஹீம், ஜூடித் ஆரோன்-பெரட்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்கள் இஸ்ரேலில் வாழும், அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட, ஹீப்ருவும் தெரிந்த மாணவர்கள். ஒரு சொல்லைக் கேட்டதும் அதோடு தொடர்புடைய அடுத்த சொல்லை மூளை சட்டென்று பிடிக்கும்; ‘டாக்டர்’ கேட்டதும் ‘நர்ஸ்’ சுலபமாக வருவதுபோல. முதல் சொல் பேச்சு அரபியில் இருந்தபோது இந்த வேகம் நன்றாகத் தெரிந்தது. ஏட்டு அரபியில் இருந்தபோது குறைந்தது. எவ்வளவு என்றால், பள்ளியில் படித்த ஹீப்ருவுக்கு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. மாணவர்கள் தம் மொழி என்று நம்புவது ஒன்று. அவர்கள் மூளை தாய்மொழிபோல நடத்துவது மற்றொன்று.

2021-ல் அரபி கற்பித்தல் பற்றி உலக வங்கி வெளியிட்ட அறிக்கை, மத்தியக் கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்காவின் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் சுமார் 59 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற ஒரு பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றது. போர், வறுமை, மோசமான பள்ளிகள் எல்லாம் இதில் சேரும். மொத்தப் பழியையும் ஃபுஸ்ஹா தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் ‘இது உன் தாய்மொழிதானே, இதுகூட வரலையா?’ என்று ஒரு குழந்தையைக் கேட்கும்போது, அந்தக் கேள்வியே பொய்யில் நிற்கிறது.

மூன்றாவது மொழி ஏன் இவ்வளவு வசதி?

பெய்ரூட்டில் ஒரு வாழ்த்து உண்டு. டி-ஷர்ட், காபி கப் எல்லாவற்றிலும் அச்சடித்து விற்கிறார்கள்: ‘ஹாய், கீஃபக், சாவா?’ முதல் சொல் ஆங்கிலம், இரண்டாவது லெபனான் அரபி, மூன்றாவது பிரெஞ்சு. கேலியாகவும் சொல்வார்கள், பெருமையாகவும் சொல்வார்கள். ஃபுஸ்ஹா மட்டும் இதில் இல்லை. நண்பனிடம் யாராவது ‘கைஃப ஹாலுக’ என்று ஆரம்பித்தால், செய்தி வாசிக்கிறானா என்று பார்ப்பார்கள்.

பன்மொழி தெரிந்த ஓர் அரபி இளைஞரின் மனக்கணக்கு எனக்கு இப்படித்தான் புரிகிறது. மனதில் பட்டதைச் சொல்லப் பேச்சு அரபி இருக்கிறது. ஆனால் அதை எழுதினால் படிக்காதவன் என்று நினைப்பார்கள். மரியாதையாக எழுத ஃபுஸ்ஹா இருக்கிறது. ஆனால் கடைசி உயிரொலி ஒன்று தவறினாலும் பல்லிளிக்கும். மூன்றாவதாக பிரெஞ்சோ ஆங்கிலமோ இருக்கிறது. அங்கே தவறு செய்ய அனுமதி உண்டு, எழுதினால் மதிப்பும் உண்டு. அலுவலக மின்னஞ்சலை எதில் எழுதுவார்? காதலைக்கூட ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தப்பிப்பவர்கள் நம்மிடமும் இல்லையா என்ன!

1990-களில் செல்போனும் கணினியும் அரபி எழுத்தைச் சரியாகக் காட்டாதபோது, இளைஞர்கள் ஆங்கில எழுத்தில் அரபியைத் தட்டினார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளுக்கு எண்களைப் பிடித்துக்கொண்டார்கள். ‘ஹபீபி’யின் அழுத்தமான ஹகரத்துக்கு 7, தொண்டையில் எழும் ‘ஐன்’ எழுத்துக்கு 3. அரபீஸி என்று பெயரும் வைத்தார்கள். அப்புறம் எல்லாப் போனிலும் அரபி விசைப்பலகை வந்துவிட்டது. அரபீஸி போகவில்லை. சோம்பல் ஒரு காரணம். அரபி எழுத்தில் எழுதினாலே வாத்தியார் நினைவு வருகிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கில எழுத்தில் பேச்சுத் தமிழ் தட்டும் விரல்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மொராக்கோ இன்னும் சிக்கல். வீட்டில் தமாஸிக்த் அல்லது தாரிஜா, பள்ளியில் ஃபுஸ்ஹா, அறிவியலுக்கும் வேலைக்கும் பிரெஞ்சு. 2011 அரசியலமைப்பு அரபியோடு தமாஸிக்தையும் ஆட்சிமொழி ஆக்கியது. தாரிஜாவுக்கு அந்த இடம் இல்லை. 2013-ல் விளம்பரத் துறைத் தொழிலதிபர் நூருத்தீன் அயூஷ், தொடக்க வகுப்புகளில் தாரிஜாவில் சொல்லிக்கொடுக்கலாம் என்று யோசனை சொன்னதும் நாடு இரண்டாகியது. வரலாற்றாசிரியர் அப்துல்லா அல்அர்வி தொலைக்காட்சியில் அவரோடு மோதினார். 2018-ல் அதைவிட வேடிக்கை. பள்ளிப் பாடநூலில் ‘பக்ரீர்’, ‘ப்ரீவாத்’ என்று சில பலகாரங்களின் பெயர் வந்துவிட்டது. பேச்சுமொழியைப் பாடநூலுக்குள் கடத்துகிறார்கள் என்று பெரும் ரகளை. கல்வி அமைச்சகம், அவை பலகாரப் பெயர்கள்தான் என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. இட்லியை இட்லி என்று எழுதியதற்கு அரசு விளக்கம் கொடுப்பதுபோல.

அடுத்த ஆண்டே, 2019-ல், அறிவியல் பாடங்களைப் பிரெஞ்சு போன்ற அயல்மொழியில் நடத்த வழிவிடும் கல்விச் சட்டம் அங்கே நிறைவேறியது. பலகாரப் பெயரை வாசலில் தடுத்துக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சு முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தது. ஃபுஸ்ஹாவுக்கு நிஜமான போட்டி எது என்பதில் அதன் காவலர்கள் கணக்குத் தவறிவிட்டார்கள் என்பது என் கருத்து.

தொலைக்காட்சி இதை முன்பே புரிந்துகொண்டது. ஒரு காலத்தில் மெக்சிகோ சீரியல்களை ஃபுஸ்ஹாவில் டப் செய்து போட்டார்கள். காதலனும் காதலியும் செய்தி அறிக்கைபோலச் சண்டை போட்டார்கள். 2008-ல் எம்பிசி, ஒரு துருக்கி சீரியலை ‘நூர்’ என்ற பெயரில் சிரியப் பேச்சு அரபியில் டப் செய்தது. துருக்கியில் பெரிதாகப் போகாத அந்தத் தொடருக்கு அரபு உலகமே அடிமையானது. டிஸ்னி எதிர்த்திசையில் போனது. எகிப்திய அரபியில் பாட்டும் கிண்டலுமாக வந்துகொண்டிருந்த அதன் படங்கள் ஃபுஸ்ஹாவுக்கு மாறின. 2013-ன் ‘ஃப்ரோஸன்’ அப்படித்தான் வந்தது. பிறகு எகிப்திய அரபியில் டப் செய்வது திரும்பவும் தொடங்கியது.

சந்தேகத்துக்கும் காரணம் உண்டு

அப்படியானால் பேச்சு அரபிக்கே மாறிவிட வேண்டியதுதானே? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உடனே தோன்றும் கேள்வி. அரபியர்களுக்கு இது பழைய காயம்.

எகிப்தில் பேச்சுமொழியிலேயே எழுத வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் வில்லியம் வில்காக்ஸ், ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர். பிரிட்டன் எகிப்தைப் பிடித்துவைத்திருந்த காலம் அது. அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சி ஏட்டு அரபியைப் பள்ளியிலிருந்து ஒதுக்கியே வைத்திருந்தது. எனவே ‘உங்கள் பேச்சுமொழி போதும், அந்தக் கடினமான பழைய மொழி எதற்கு?’ என்று யாராவது அன்பாகச் சொன்னால், ‘எங்களைத் துண்டு துண்டாக்கப் பார்க்கிறாயா?’ என்ற கேள்வி எழுவது இயல்பு.

1962-ல் விடுதலை பெற்ற அல்ஜீரியா, இந்தக் காயத்தோடுதான் அரபிமயமாக்கலைத் தொடங்கியது. ஆசிரியர்கள் போதாமல் எகிப்து முதலிய நாடுகளிலிருந்து வரவழைத்தார்கள். வகுப்பில் இருந்த பிள்ளைகள் பேசியது அல்ஜீரிய அரபி, அல்லது கபைல் மலைகளின் பெர்பெர் மொழி. வந்த ஆசிரியர் பேசியது எகிப்திய அரபி, கையில் பிடித்திருந்தது ஃபுஸ்ஹா. பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அந்தப் பிள்ளைக்கு வகுப்பறை அந்நியமாகவே இருந்தது. 1980-ல் கபைல் பகுதி கிளர்ந்தெழுந்தது. 2016-ல்தான் தமாஸிக்த் அங்கே ஆட்சிமொழி ஆனது.

ஃபுஸ்ஹாவை விடச் சொல்வது என் வாதமல்ல. ரபாத்தில் எழுதிய கட்டுரையை பக்தாத்தில் வாசிக்க முடிகிறது என்றால் அது சின்ன விஷயமா? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கவிதையைப் படித்த ஒருவர் இன்றும் தொட முடிகிறது. அதை இழக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அது தேவையும் இல்லை. 1990-களில் தொடங்கிய சில ஆய்வுகள், பள்ளி சேரும் முன்பே குழந்தைகளுக்கு ஃபுஸ்ஹாவில் கதை வாசித்துக் காட்டினால் பிறகு அவர்களின் வாசிப்புத் திறன் கூடுவதைக் கண்டன. வாசிப்பவர் நடுவில் நிறுத்தி, வீட்டு அரபியில் ‘பாத்தியா, இது நம்ம பூனைதான்!’ என்று சொன்னால் ஒன்றும் குடி முழுகாது. பல ஆசிரியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் செய்கிறார்கள். பாடத்திட்டம் ஒப்புக்கொள்ளாததை வகுப்பறை செய்துகொண்டிருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளுங்கள், ஆசிரியருக்கு அதற்குப் பயிற்சி கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. ஒரு வழக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடவும் தனித் திறமை வேண்டும். இப்போது அதை அவரவர் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

பேச்சு அரபியை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் மத்தியதரைக்கடலிலேயே இருக்கிறது. மால்டா தீவின் மொழி அரபியிலிருந்து பிறந்தது. இலத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள், 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. துனிசியாக்காரருக்கு அதில் கணிசமாகப் புரியும். ஆனால் மால்டாக்காரர் அதை அரபி என்று அழைக்க மாட்டார். துனிசியாக்காரரோ தன் பேச்சை மொழி என்றே அழைக்க மாட்டார்!

இப்போது புதிதாக ஒரு தரப்பு உள்ளே வந்திருக்கிறது: கணினி. குரல் உதவியும் சாட்பாட்டும் வேலை செய்ய வேண்டுமென்றால் மக்கள் நிஜமாகப் பேசுவது தேவை. செய்தித்தாள் அரபி மட்டும் போதாது. 2018-ல் ‘மதார்’ என்ற திட்டத்தின் ஆய்வாளர்கள், ஒரே வாக்கியங்களை 25 அரபு நகரங்களின் பேச்சில் அந்தந்த ஊர்க்காரர்களைக்கொண்டு எழுதவைத்துத் தொகுத்தார்கள். பேச்சு அரபிக்கு எழுத்துக்கூட்டல் விதி எதுவும் இல்லாததால், கணினி மொழியியலாளர்களே உட்கார்ந்து அதற்கும் விதி வகுத்தார்கள். 1932-ல் தொடங்கிய கெய்ரோவின் மொழிக் கழகம் அந்த வேலைக்குப் போகவே இல்லை. 2008-ல் எகிப்திய அரபியில் விக்கிபீடியா தொடங்கியது. 2020-ல் மொராக்கோ தாரிஜாவிலும் வந்தது. தொடங்கியபோது ‘இது அசிங்கம்’ என்று திட்டியவர்கள் உண்டு. அவர்களில் பலர் அந்தத் திட்டையும் எகிப்தியப் பேச்சு அரபியில்தான் எழுதினார்கள் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.